கல்லின் வயதும் பைபிளின் ஓரக்குறிப்பும்

அண்ணன் மகள் சேலத்தில் ஜியாலஜி படிக்கிறாள், இரண்டாம் வருடம். போன டிசம்பரில் ஏற்காடு மலைப்பாதையில் களப்பயணம் போய்விட்டு வந்தவள், உள்ளங்கை அளவு கல் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கருநீலத்தில் பச்சை கலந்த நிறம். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. சார்னோகைட். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே பெரும்பாலும் இந்தக் கல்தான். "இதுக்கு வயசு இருநூத்தம்பது கோடி வருஷம், அத்தை" என்றாள். அப்புறம் அலமாரியிலிருந்து தாத்தாவின் பழைய ஆங்கில பைபிளை எடுத்து ஆதியாகமம் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் கி.மு. 4004 என்று அச்சாகியிருந்த குறிப்பின்மேல் விரலை வைத்தாள். "இந்த ரெண்டுல நான் எதை நம்பணும்?"

அன்று ராத்திரி என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். எங்கள் சபையில் பெரிய பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி வகுப்பும் 18 வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டிய ஆள் நான். அதனால் அவளுக்காகவும், வரும் ஜூனில் என் வகுப்புக்கு எதைச் சொல்லித்தருவது என்று நானே முடிவெடுப்பதற்காகவும், ஒரு கிறிஸ்தவர் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நம் சேலத்து ஐந்து ரோடு சந்திப்பு மாதிரி இதிலும் ஐந்து பாதை பிரிகிறது.

ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்வி கேட்டேன். மேசைமேல் இருக்கும் கல்லோடு அது ஒத்துப்போகிறதா? அதில் போகிறவர் மனசார ஜெபிக்க முடியுமா? வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது என்ன செய்யச் சொல்கிறது? மூன்றாவது கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு நாள், ஆறாயிரம் வருடம்

எங்கள் பக்கத்துச் சபைகளில் அதிகம் பேர் நிற்பது இந்த வழியில்தான். நானும் இதில் வளர்ந்தவள். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வேதம் சொன்னால் சொன்னதுதான், அதற்குமேல் பேச்சில்லை என்ற அந்த உறுதியைப் பிடித்துக்கொண்டுதான் என் பாட்டி இளவயதில் விதவையாகி நான்கு பிள்ளைகளைக் கரையேற்றினார். அந்த உறுதியை வெறும் அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் என் பாட்டியைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 4004 வேதத்தில் இல்லை. அயர்லாந்தில் ஆர்மா பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு அது. வேதத்தின் வம்ச வரலாறுகளையும் ராஜாக்களின் ஆட்சிக் காலங்களையும் பிற தேசத்துப் பழைய வரலாறுகளோடு ஒட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004 அக்டோபர் 23 அன்று தொடங்கியது என்று முடிவு கட்டினார். அவர் காலத்தில் கிடைத்த ஆதாரங்களை வைத்து உழைத்த பெரிய படிப்பாளி அவர். 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அவருடைய கணக்கு அச்சேறியது. ஓரக்குறிப்பைப் பல தலைமுறை வசனத்தைப் போலவே படித்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் பூமி மிகப் பழையது என்பதைப் பல போதகர்களே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் கேட்கும் ஆறாயிரம் வருட வாதம் பெரிய அளவில் திரும்பி வந்தது, 1961இல் அமெரிக்காவில் ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் நோவாவின் ஜலப்பிரளயத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான். ஆதித் திருச்சபையிலிருந்து மாறாமல் வந்த ஒரே நம்பிக்கை இது என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். அது சரியில்லை.

இப்போது கல்லுக்கு வருவோம். இந்தக் கல்லைப் பொடித்தால் சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் கிடைக்கும். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் ஏற்கும், ஈயத்தைக் கிட்டத்தட்ட ஏற்கவே ஏற்காது. ஆகவே பின்னாளில் அதற்குள் இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியத்திலும் இரண்டு வகை. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி வருடம் ஆகும். யுரேனியம்-235க்கு 70 கோடி வருடம் போதும். இரண்டும் வெவ்வேறு வகை ஈயமாக மாறுகின்றன. இதை அண்ணன் மகள் எனக்கு விளக்கிய விதம் பிடித்திருந்தது. ஒரே நேரத்தில் ஒரு மெழுகுவத்தியையும் ஒரு ஊதுவத்தியையும் கொளுத்தி வைத்தால் ஒன்று மெதுவாகக் கரையும், ஒன்று சீக்கிரம் கரையும். பிறகு வந்து பார்க்கிறவர், இரண்டிலும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தனித்தனியே கணக்குப் போட்டு, கொளுத்திய நேரம் ஒன்றேதான் என்று கண்டால் அந்தக் கணக்கை நம்பலாம். ஒரு மணல் பருக்கையைவிடச் சிறிய சிர்கானுக்குள் இப்படி இரண்டு கடிகாரம் ஓடி, ஒரே நேரத்தைக் காட்டுகிறது.

'கார்பன் டேட்டிங் தப்பு' என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கார்பன்-14 பாதியாகக் குறைய 5730 வருடம்தான் ஆகும். ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எதற்கும் அது உதவாது. மலைப்பாறையின் வயதுக்கு அதை யாரும் பயன்படுத்துவதே இல்லை. தப்பு என்று நாம் அடித்துச் சொன்னது, எதிரில் இருப்பவர் சொல்லாத ஒன்றை.

மலை உச்சிக்குப் போனால் வேறொரு சாட்சி இருக்கிறது. சேர்வராயன் மலைமேல் பாக்ஸைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டியெடுத்த இடங்களைப் பார்த்திருப்பீர்கள். பாறையின்மேல் மழை விழுந்து விழுந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போக, கரையாத அலுமினியமும் இரும்பும் செம்மண்ணாகத் தங்கினதுதான் அது. பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வெந்து உருவான பாறை மேலே வர வேண்டும், மேலிருந்ததெல்லாம் தேய்ந்து போக வேண்டும், அதன் பிறகு இத்தனை மழை பெய்ய வேண்டும். ஆறாயிரம் வருடத்துக்குள் இதை அடக்க முடியாது.

'பழையதுபோலத் தோன்றும்படி தேவன் புதிதாகப் படைத்தார்' என்று ஒரு பதில் உண்டு. பிலிப் காஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் 1857இல் இதை விரிவாக எழுதினார். ஆழ்ந்த விசுவாசி அவர். ஆனால் நடக்காத 250 கோடி வருடத்தின் தடயத்தை ஒவ்வொரு சிர்கானுக்குள்ளும் எழுதி வைத்த தேவன், நம்மை ஏமாற்றுகிறவராக ஆகிவிடுகிறார். அவரிடம் நான் எப்படி மனசார ஜெபிப்பேன்? என் முதல் கேள்வியில் மட்டும் இந்த வழி தோற்கிறது என்று நினைத்திருந்தேன். இரண்டாவதிலும் தோற்கிறது.

நாள் என்றால் யுகம்

படித்த கிறிஸ்தவர்கள் பலர் சாய்ந்துகொள்ளும் மரம் இது. 'கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும்' என்று 2 பேதுரு 3:8 சொல்கிறதே, ஆகவே ஆறு நாள் என்பது ஆறு நீண்ட காலங்கள், விஞ்ஞானம் இன்று கண்டுபிடிப்பதை வேதம் அன்றே சொல்லிவிட்டது என்பார்கள். நானும் என் வகுப்பில் சில வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது.

ஒரு மாணவன் வரிசையைக் கேட்டபோது மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் புல், பூண்டு, கனி மரம். நான்காம் நாள் சூரியன். ஐந்தாம் நாள் பறவைகள், ஆறாம் நாள்தான் தரையில் நடக்கும் மிருகங்கள். புதைபடிவங்கள் காட்டும் வரிசை இப்படி இல்லை. தரை விலங்குகளுக்கு வெகுகாலத்துக்குப் பின்புதான் பறவைகள். நாளை யுகமாக நீட்டினாலும் வரிசை வரிசைதான்.

இன்னொரு உதாரணம். ஏசாயா 40:22இல் நம் தமிழ் பைபிளில் 'பூமி உருண்டை' என்று இருக்கிறது. பூமி உருண்டை என்று வேதம் அன்றே சொன்னது என்பதற்கு இதைக் காட்டாத துண்டுப் பிரசுரம் இல்லை. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்கு வட்டம் என்றுதான் பொருள். தட்டும் வட்டம்தான். மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல்லின்மேல் நாம் மாடி கட்டியிருக்கிறோம்.

இந்த வழியில் இருக்கும் ஆபத்தை மிக நன்றாக உணர்ந்தவர் ஒரு குருவானவர். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமெய்த்ர். அண்டம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டி, 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று முன்வைத்தவர். நாம் இன்று பெருவெடிப்பு என்கிறோமே, அதன் தகப்பன். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கோட்பாடு சிருஷ்டிப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் ஓர் உரை நிகழ்த்தினார். லெமெய்த்ர் மகிழ்ந்திருப்பார் என்றுதான் தோன்றும். அவரோ கவலைப்பட்டார். அப்படி இணைத்துப் பேசுவது வேண்டாம் என்று போப்பின் தரப்பினரிடம் எடுத்துச் சொன்னார். அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டிவைத்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். அங்கி அணிந்த ஒருவர் தன் சொந்தக் கண்டுபிடிப்பையே பிரசங்க மேடைக்கு ஏற்ற வேண்டாம் என்றாரே, அந்த நேர்மை என்னை இன்றும் அசைக்கிறது. என் வகுப்புக் குறிப்பேட்டிலிருந்து 'வேதம் அன்றே சொன்னது' பட்டியலை அன்றைக்கே கிழித்தேன்.

இரண்டு அறை

மூன்றாவது வழி சண்டையே இல்லாதது. அறிவியல் உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லட்டும், விசுவாசம் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லட்டும், ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று வர வேண்டாம். அமெரிக்கப் புதைபடிவ அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்து எழுதினார். பெயர் தெரியாமலேயே நான் 15 வருடம் அதில் குடியிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை பரிணாமம், ஞாயிறு காலை ஆதியாகமம். பள்ளியில் யாரும் ஞாயிறைப் பற்றிக் கேட்கவில்லை. சபையில் யாரும் திங்களைப் பற்றிக் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதி என் அம்மாவின் காலில் உடைந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை. வெளியூரிலிருந்து வந்த ஒரு சுகமளிக்கும் ஊழியர் நடத்திய மூன்று நாள் கூட்டத்துக்குப் போனார். கடைசி நாள் கை வைத்து ஜெபித்து, 'சுகமாகிவிட்டது, இனி மாத்திரை போட்டால் அது விசுவாசக் குறைவு' என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்து, எங்கள் கண்முன்னே வாயருகே கொண்டுபோய், பிறகு வாஷ்பேசினில் போட்டிருக்கிறார். பாதத்தில் முள் குத்தினது அவருக்குத் தெரியவே இல்லை. நாங்கள் செருப்பில் இரத்தத்தைப் பார்க்கும்போது காயம் எலும்பு வரை போயிருந்தது. ஒரு விரலை எடுத்தார்கள்.

நான் உயிரியல் ஆசிரியை. சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போகும் என்று பாடம் நடத்துகிறவள். அந்தக் கூட்டத்துக்கு அம்மாவை ஆட்டோ ஏற்றி அனுப்பியவளும் நான்தான். அங்கே சொன்னது என் 'ஞாயிறு அறை' விஷயம் என்று அதை நான் சோதிக்கவே இல்லை. சுவரை நான் கட்டினேன், அதன் இரண்டு பக்கமும் ஒரே உடம்புதான் இருந்தது. மூன்றாவது கேள்வி வந்தது இங்கிருந்துதான்.

வேறொரு காரணத்தாலும் இந்த வழி நமக்கு ஒத்துவராது. கிறிஸ்தவம் எப்படி வாழ்வது என்பதை மட்டும் சொல்லும் மதமாக இருந்தால் இரண்டு அறை போதும். அது நடந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு உரிய இடத்தைப் பவுலே திறந்து வைத்த பிறகு, நாம் கதவை அடைக்க முடியாது.

விசுவாசத்தை விட்டுவிடுவது

இதை ஒரு தெரிவாகவே பேசக்கூடாது என்று சபையில் சிலர் நினைப்பார்கள். சேலத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியாது. 1944 ஆகஸ்டில் பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊரில்தான். பகுத்தறிவு இங்கே வீட்டுக்கு வீடு விவாதித்த விஷயம். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் ஒருவர் அந்த வழியில் வந்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வந்தவர் அவர்.

அவர் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. "ஜெபம் வேலை செய்யும்னா அளந்து பார்க்கலாமே டீச்சர்?" அளந்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. இருதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1802 பேர், மூன்று குழு. தங்களுக்காக ஜெபிக்கப்படுகிறதா என்று தெரியாத இரண்டு குழுவில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. வித்தியாசமே இல்லை. ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்திருந்த மூன்றாவது குழுவில் 59 சதவீதம். இந்த எண்களைச் சபையில் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெபம் மருந்துபோல வேலை செய்யும் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு இந்த ஆய்வு நேரடியான பதில்.

பொய் சொல்லிக் காப்பாற்றும் விசுவாசத்தைவிட நேர்மையான அவிசுவாசம் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அண்ணன் மகள் இந்த வழியில் போனாலும் அவள் என் அண்ணன் மகள்தான், என் மேசையில் அவளுக்குத் தட்டு உண்டு. இதை அவளிடமே சொன்னேன். ஆனால் நான் ஏன் போகவில்லை என்றும் சொன்னேன். சிர்கான் தள்ளுபடி செய்தது அஷரின் கணக்கை. அந்த ஆய்வு தள்ளுபடி செய்தது ஜெபத்தை மாத்திரையாக்கும் பேச்சை. உலகம் ஏன் இருக்கிறது, அது நம் மனதுக்குப் புரியும்படி ஏன் இருக்கிறது என்ற கேள்விகளை இவை தொடவில்லை. அம்மா கட்டிலில் படுத்தபடி என்னை மன்னித்தபோது அந்த அறையில் இருந்தது என்ன என்பதையும் தொடவில்லை. இது நிரூபணம் ஆகாது என்று கணக்கு ஆசிரியர் சொல்வார். சரிதான். நிரூபணம் என்று நானும் சொல்லவில்லை.

மலைமேல் ஏறும் ஐந்தாவது வழி

தேவன் உலகத்தை இயற்கை முறைகளின் வழியாகவே படைத்தார், படைக்கிறார். இயற்கையைப் பற்றிய கேள்விக்கு ஆதாரமே பதில் சொல்லும். வேதத்தின் ஒவ்வொரு பகுதியையும் அது எந்த வகை எழுத்தோ அந்த வகையாகவே படிக்க வேண்டும். சுருக்கமாக இதுதான் ஐந்தாவது வழி.

இது நவீன காலத்தில் பயந்து செய்த சமரசம் என்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வட ஆப்பிரிக்காவின் அகஸ்டின், ஆதியாகமத்தின் நாட்கள் நாம் அறிந்த நாட்கள்போன்றவை அல்ல என்று எழுதினார். வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் அவிசுவாசிக்கே நன்றாகத் தெரிந்த ஒன்றில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி உளறினால், அவன் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது யார் நம்புவார்கள் என்றும் அதே நூலில் கேட்டார். டார்வினுக்கு 1400 வருடத்துக்கு மேல் முந்தியது இந்தக் கேள்வி.

எழுத்து வகை என்பது தமிழருக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. ஒப்பாரியில் 'தங்க மேனி' என்று பாடினால் எத்தனை பவுன் என்று கேட்கிறோமா? கோயில் கல்வெட்டில் 'இத்தனை கழஞ்சு பொன்' என்றிருந்தால் எடையைத்தான் படிக்கிறோம். ஆதியாகமம் முதல் அதிகாரம் பாட்டின் நடையில் போகிறது. 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' என்று பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. பாபிலோன் முதலான சுற்றியிருந்த தேசங்கள் சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாகக் கும்பிட்ட காலம் அது. அந்த அதிகாரமோ அவற்றின் பெயரைக்கூடச் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று இரண்டு விளக்காக மாட்டிவிடுகிறது. அது சொல்ல வந்த சேதி அதுதான். பாறையின் வயதைக் கேட்டு அதனிடம் போவது, ஒப்பாரி பாடுகிறவரிடம் தராசைக் கொண்டுபோவதுபோல.

சங்கீதம் 104, பூமி நிலைபேராதபடி ஸ்தாபிக்கப்பட்டது என்கிறது. யோசுவா புத்தகத்தில் சூரியன் தரித்து நிற்கிறது. இவற்றைக் காட்டித்தான் பூமி சுற்றுகிறது என்ற கருத்தை எதிர்த்தார்கள், 1633இல் கலிலியோவைத் தண்டித்தார்கள். இன்று எங்கள் சபையில் மிகக் கண்டிப்பான மூப்பர்கூட பூமி நகரவில்லை என்று சொல்ல மாட்டார். சங்கீதத்தை ஏற்கெனவே நாம் இந்த ஐந்தாவது வழியில்தான் படிக்கிறோம். ஆதியாகமத்துக்கு மட்டும் வேறு சட்டம் வைத்திருக்கிறோம்.

இந்த வழியில் நடந்தவர்களின் வேலையைத்தான் நான் பள்ளியில் பாடமாக நடத்துகிறேன். பட்டாணிச் செடியை வைத்துப் பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. டார்வினுக்காக அமெரிக்காவில் வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே ஆழ்ந்த விசுவாசமுள்ள கிறிஸ்தவர். மனித மரபணுத் திட்டத்தை 2003இல் முடித்துக்கொடுத்த பிரான்சிஸ் காலின்ஸ், நாத்திகராக இருந்து 27 வயதில் விசுவாசியானவர். திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, தமிழகத்துச் செடிகொடிகளைப் பல வருடம் அலைந்து சேகரித்துத் தொகுத்தார். ஆனால் பெயர்ப் பட்டியல் வாதமாகாது. பெரியவர்கள் நம்பினார்கள் என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. என்னைத் திருப்பியது ஒரே ஒருவருடைய வேலை.

ஏற்காட்டிலிருந்து வெகுதூரமில்லை கொல்லிமலை. 1914இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, அங்கே சிறுவயதில் வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் கைவிரல், கால்விரல் தானாக அழுகி விழும் என்று டாக்டர்களே நம்பிய காலம். அவர் நம்பிவிட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவினார். சுடுபாத்திரம், துருப்பிடித்த பூட்டு, ஆணி. ராத்திரி எலி கடித்திருக்கிறது, வலி தெரியாததால் நோயாளி விழிக்கவில்லை. சதை தானாக அழுகவில்லை, மரத்துப்போன உறுப்பில் படும் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன என்று கண்டார். பாவத்தின் சாபம் என்று பார்க்கப்பட்ட நோய்க்கு முன்னால் ஒரு விசுவாசி காரணத்தைத் தேடி உட்கார்ந்தார். பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவச் செய்து ஆற்றும் முறையை வளர்த்தார். பின்னாளில் அமெரிக்காவில் அதையே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுபோனார்.

விரலை எடுத்த பிறகும் அம்மாவின் உள்ளங்காலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. அதற்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். இந்த வரலாறு அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா சுகத்துக்காக ஜெபித்தார். பதில் கொல்லிமலையில் வளர்ந்து, எலிக்கடியைக்கூட ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஒருவர் வழியாக வந்தது என்று நான் நம்புகிறேன். இப்போதும் அம்மா தினமும் காலையில் ஜெபித்துவிட்டுத்தான் மாத்திரை போடுகிறார். வாயைத் திறந்து காட்டவும் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே காட்டுகிறார்.

இந்த வழிக்கு விலை உண்டு. அதை மறைத்தால் முதல் வழிக்காரர்களிடம் நான் கண்ட குறையை நானே செய்தவளாவேன். ரோமர் 5இல் பவுல், ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தது என்கிறார். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரிகள், மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே செத்தவை. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில், இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு இருக்கிறது. சிம்பன்சிக்கு 48, நமக்கு 46 என்பதற்குக் காரணம் அந்த ஒட்டு. மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாட்டைக் கணக்கிட்டால், நம் முன்னோர் கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்று வருகிறது. அப்படியானால் ஆதாம் யார்? மனிதன் பாவத்தில் விழுந்த அந்த விழுகை எப்போது? ஒரு கூட்டத்திலிருந்து தேவன் அழைத்த ஒருவர் என்று சிலர் சொல்கிறார்கள், மனித குலம் முழுவதையும் குறிக்கும் பெயர் என்று வேறு சிலர். பவுல் பேசும் மரணம் தேவனைவிட்டுப் பிரியும் மரணம் என்ற பதில் எனக்குப் பாதி திருப்தி தருகிறது. கோடி வருடங்களாக மிருகங்கள் பட்ட வேதனையை அன்பான தேவனோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் எனக்கு ஆறவே இல்லை. ராத்திரிகளில் அது வருகிறது.

உயிர்த்தெழுதலை நான் விசுவாசிக்கிறேன். எந்த ஆய்வுக்கூடத்திலும் அதைத் திரும்ப நடத்திக் காட்ட முடியாது. அதை நம்புவதற்கு எனக்கிருக்கும் காரணங்கள் சாட்சிகளின் சொல்லையும், பயந்து ஓடியவர்கள் திரும்பி வந்து உயிர்கொடுத்ததையும் சார்ந்தவை. சிர்கானின் வயதைப்போல அது எல்லோரையும் கட்டுப்படுத்தாது என்று என் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன். எது அளந்து தெரிந்தது, எது விசுவாசித்து ஏற்றது என்று பிள்ளைகளுக்குத் தனித்தனியே தெரிய வேண்டும்.

மூன்று கேள்வியையும் ஓரளவு தாங்குவது இந்த ஐந்தாவது வழிதான் என்று எனக்குப் படுகிறது. அண்ணன் மகளிடம் என் முடிவைச் சொன்னேன். அவள் உடனே தலையாட்டவில்லை. "யோசிக்கிறேன் அத்தை" என்றாள். கல்லை மட்டும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் முதல் ஞாயிறு அவளையே வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் அவள் கொண்டுவருவாள். அதற்கு முன் பிள்ளைகள் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைச் சத்தமாக, நிறுத்தாமல் வாசிப்பார்கள். ஆயரிடமும் சொல்லிவிட்டேன். கல்லைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "சரிம்மா. ரோமர் அஞ்சை எப்படி நடத்தப் போறீங்க?"

அதற்கு இன்னும் இரண்டு ஞாயிறு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.